காய்கறிக்கடை அக்காவாக நான்

சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. பதினைந்து வயதில், உயர்நிலை மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு பூன் லே பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டினேன். கப்பலில் அறை துடைத்தேன். விமானத்துக்குச் சாப்பாடு அனுப்பும் கூடத்தில் தட்டு அடுக்கினேன். ஒரு கடைத்தொகுதியில் காவல் வேலை பார்த்தேன். எங்கேயும் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. யாரும் துரத்தவில்லை, எனக்குத்தான் ஓரிடத்தில் கால் நிற்காது. இடையில் ஒரு நாடகக் குழுவுக்கு நாற்காலி தூக்கிப்போடப் போனேன். ஒருநாள் ஆள் வரவில்லை என்று என்னை மேடையில் ஏற்றினார்கள். அந்த ஆசை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு இறங்கவே இல்லை.

நேர்காணல் வைத்து, ஒரு காட்சி நடிக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார்கள். கையில் சான்றிதழ் எதுவும் இல்லாததால் ஒரு நிபந்தனை போட்டார்கள். முதல் செமஸ்டரில் எல்லாப் பாடத்திலும் தேறவேண்டும். ஒன்றில் விழுந்தாலும் இடம் போய்விடும். நாடக வரலாறு, கட்டுரை எழுதுவது, ஒளியமைப்பு இதிலெல்லாம் தட்டுத்தடுமாறி மேலே வந்துவிட்டேன். மிச்சம் இருந்தது நடிப்பு. எதற்காக வந்தேனோ அது.

என்னோடு படித்தவர்களுக்குப் பத்தொன்பது, இருபது வயது. காலையில் எல்லோரும் மரத்தரையில் உருளுவோம், விலங்குபோலக் கொட்டாவி விடுவோம், ஒருவரையொருவர் தாங்கிப் பிடிப்போம். சனி ஞாயிறில் நான் பழைய இடத்திலேயே தட்டு அடுக்கப் போய்விடுவேன், அறை வாடகை அதிலிருந்துதான். திங்கட்கிழமை வகுப்பில் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னால் குறட்டை விட்டுவிடுவேன். செங்காங்கிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பெண், வகுப்பில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழ் ஆள், காலால் என்னை இடித்து எழுப்புவாள். "அக்கா, மூச்ச கவனிக்கச் சொன்னாங்க, சத்தம் போடச் சொல்லல லா."

நடிப்புப் பாடத்தில் மதிப்பெண்ணில் பெரும்பகுதி ஒரே பயிற்சிக்குத்தான். முன்பின் தெரியாத ஒரு மனிதரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். படம் எடுக்கக்கூடாது, எழுதிக்கொள்ளக்கூடாது, உடம்புதான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வகுப்பில் ஒரு முன்னோட்டம். அதன்பின் அந்த மனிதரிடமே போய்ச் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் இறுதித் தேர்வில் அவரை நடிக்க முடியாது. செங்காங் பெண் ஒரு பேருந்து ஓட்டுநரைப் பிடித்துக்கொண்டாள். நான் தமிழர்கள் கூடும் தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் காய்கறிக்கடை அக்காவைப் பிடித்தேன்.

முதல் நாள் அவரைப் பார்த்தபோது சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிர்ப்பக்கத் தூணோடு ஒட்டி நின்றேன். ஐம்பது வயது இருக்கும். வாசலை ஒட்டித் தராசு, அதன் பக்கத்தில் அவர். முருங்கைக்காயும் பாகற்காயும் கூடைகூடையாக நடைபாதை வரைக்கும் வழிந்து கிடந்தன. வாங்க வருகிறவர்களை அவர் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒவ்வொரு வெண்டைக்காயா நுனிய ஒடிச்சுப் பாக்குறியே, வீட்டுக்காரன இப்படிப் பாத்துத்தான் கட்டுனியா?"

"பாக்காமத்தான்க்கா கட்டுனேன். அதான் வெண்டைக்காயவாவது பாத்து வாங்குறேன்."

"அதுவும் சரிதான். எடு, எடு. தம்பி! ரெண்டு தக்காளிக்கு எதுக்கு அவ்ளோ பெரிய பை? தக்காளிக்குத் தனி ரூமு வேணுமா?"

திட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சிலர் அதற்காகவே வந்த மாதிரிதான் இருந்தது. இவர்தான் என்று அன்றே முடிவு செய்தேன்.

அடுத்தமுறை போனபோது கடை வேறாக இருந்தது. நடைபாதையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு, அதற்கு அப்பால் சரக்கு வைத்தால் அபராதம். கூடைகள் எல்லாம் கோட்டுக்கு உள்ளே, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இருந்தன. அக்கா கையுறையும் தலைக்கு வலையும் போட்டிருந்தார். "வாங்கம்மா, என்ன வேணும்மா?" என்று எல்லோரிடமும் பல் தெரியச் சிரித்தார். ஒரு பெரியவர், "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டேவிட்டார். "நல்லா இருக்கேங்க, நன்றிங்க" என்றார் அக்கா. பெரியவர் பயந்து போய்ப் புடலங்காயை வாங்காமலே நகர்ந்தார்.

விரதம் ஏதோ இருக்கிறார் போல என்று நினைத்தேன். அதற்கடுத்த முறையும் அதே சிரிப்பு. அதற்கடுத்த முறையும். திட்டிய நாள் ஒன்றுதான், சிரித்த நாட்கள்தான் அதிகம். அப்படியானால் அன்றைக்குத்தான் அவருக்கு மனசு சரியில்லாமல் இருந்திருக்கும், உண்மையில் அவர் சாந்தமானவர். இப்படித்தான் என் புத்தி கணக்குப் போட்டது. தூணோரம் நின்று அவர் சிரிப்பை என் வாயில் போட்டுப் பார்த்தேன். கழுத்தை எப்படி விறைப்பாக வைத்திருக்கிறார், தராசில் போடும்போது விரலை எப்படித் தூக்கிக்கொள்கிறார் என்று ஒவ்வொன்றாக உடம்பில் ஏற்றினேன்.

முன்னோட்டத்தில் அதைத்தான் செய்துகாட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் விரிவுரையாளர் அதிகம் பேசாத பெண்மணி. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர் ஆங்கிலத்தில் ஒரே கேள்வி கேட்டார். "இவர் யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்?"

"யாரையும் இல்லை. சுபாவமே அப்படி."

"உங்கள் உடம்பு அப்படிச் சொல்லவில்லையே. பயம் அவருடையதுதான், நீங்கள் சரியாகத்தான் எடுத்து வந்திருக்கிறீர்கள். யாரிடம் பயம் என்று போய்க் கண்டுபிடியுங்கள். இப்படியே இறுதித் தேர்வுக்கு வந்தால் என்னால் தேர்ச்சி கொடுக்க முடியாது."

செங்காங் பெண் கழிவறை வாசலில் என்னைத் தேற்றினாள். "டோன்ட் வொரி அக்கா. என் டிரைவர் மொத்த ரூட்டுக்கும் ரெண்டு தடவதான் தலைய திருப்புறாரு. நான் மட்டும் என்ன கிழிச்சேன்?" அவளுக்கு இது போனால் இன்னொரு செமஸ்டர் இருந்தது. எனக்குத் தட்டுகள்தான்.

மறுநாள் மத்தியானம் அனுமதி கேட்கப் போனேன். நான் சாலையைக் கடப்பதைப் பார்த்ததுமே அக்கா ஒரு முக்காலியைத் துணியால் துடைத்தார்.

"வாங்க மேடம், உக்காருங்க. இளநி சாப்பிடுறீங்களா? லைசென்ஸ் எல்லாம் மாட்டியிருக்கு, பாத்துக்கங்க. கோட்டுக்கு வெளிய ஒரு கொத்தமல்லி கூட இல்ல."

"இதெல்லாம் எதுக்குக்கா எங்கிட்ட சொல்றீங்க?"

"பின்ன? ரெண்டு வாரமா அந்தத் தூணுகிட்ட நின்னு பாக்குறீங்க. அளவு எடுத்துக்கிட்டீங்கன்னா, தப்பு இருந்தா சொல்லிருங்க மேடம், திருத்திக்கிறோம்."

அப்போதுதான் குனிந்து என்னையே பார்த்துக்கொண்டேன். நாடக மாணவர்கள் வகுப்புக்குக் கறுப்புதான் போடவேண்டும். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் காலணி. மாணவர் அட்டை இல்லாமல் எங்கள் கட்டடத்தில் ஒரு கதவும் திறக்காது, அதனால் அது எப்போதும் கழுத்தில் தொங்கும். நரைத்த முடி வேறு. வகுப்பு முடிந்து அப்படியே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடையையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"அக்கா, நான் இன்ஸ்பெக்டர் இல்ல. ஸ்டூடன்ட்."

"யாரு?"

"யூனிவர்சிட்டில படிக்கிறேன். நாடகம்."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இந்த வயசுலயா?"

"ஆமாக்கா. உங்கள மாதிரி நடிச்சுக் காட்டணும், அதான் பரீட்சை. அதுக்குத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

கையுறையை ஒரு விரல் ஒரு விரலாகக் கழற்றித் தராசின்மேல் போட்டார். பிறகு தொடங்கினார்.

"அடிப்பாவி! உன்னால ரெண்டு வாரமா என் கடைல நானே வாயத் தொறக்கல. மொத்தக் கூடையும் உள்ள இழுத்துப்போட்டு, பூசணிக்காயோட பூசணிக்காயா நின்னு யாவாரம் பண்ணேன். சிரிச்சுச் சிரிச்சுத் தாடையே கழண்டுபோச்சு. வர்றவன் எல்லாம் ஒடம்புக்கு என்ன ஒடம்புக்கு என்னன்னு கேக்குறான். ஒருத்தன் திருநீறு கொண்டாந்து குடுத்துட்டுப் போறான்! வாயில நாக்கு இல்ல உனக்கு? ஒரு வார்த்த சொல்லக்கூடாது?"

"சொல்லக்கூடாதுன்னுதான்க்கா பாடத்துல..."

"பாடமாம்! தூக்கிக் குப்பைல போடு!"

சந்தில் போனவர்கள் நின்றார்கள். முன்பு பயந்து ஓடிய பெரியவர் பையோடு வந்து, "அப்பாடா, சரியாயிட்டியாம்மா" என்றார். "யோவ், அன்னிக்கு விட்டுட்டுப் போன பொடலங்கா யாரு வீட்டுக்கு? எடுத்துட்டுப் போங்க" என்று அவருக்கும் விழுந்தது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கண் அவரைவிட்டு நகரவில்லை.

அக்கா திட்டி முடித்து மூச்சு வாங்கியபின் அனுமதி கேட்டேன்.

"என்ன செய்யப் போற, செஞ்சு காட்டு."

"இங்கயா?"

"பின்ன, உங்க யூனிவர்சிட்டிக்கு நான் பஸ் ஏறி வரணுமா?"

அந்தச் சந்தில், பெரியவரும் இன்னும் நாலு பேரும் பார்க்க, சிரித்த முகமும் விறைத்த கழுத்துமாக அவராக நின்று காட்டினேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, இது நானில்ல. இது எங்க நாத்தனா! அவதான் இப்படி இளிப்பா. இதையா போய்க் காட்டப் போற? நாளைலேருந்து மத்தியானம் வந்து நில்லு. சும்மா நிக்காத, வெங்காயம் பொறுக்கு. உருப்படியா வருதான்னு பாத்துட்டு, சரியா இல்லையான்னு சொல்றேன்."

அதிலிருந்து வகுப்பு முடிந்ததும் எம்ஆர்டி ரயில் பிடித்து அங்கே போய்விடுவேன். கூடைகள் பழையபடி நடைபாதைக்கு வந்துவிட்டன. நான் தரையில் உட்கார்ந்து அழுகல் வெங்காயம் பொறுக்கினேன், பெட்டி பிரித்தேன். திட்டும் தவறாமல் கிடைத்தது. மத்தியானச் சாப்பாட்டை எனக்கும் சேர்த்தே கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். "ஏன் இப்படி அள்ளிப் போடுற? யாரு பிடுங்கிக்கப் போறா? கப்பல்ல கத்துக்கிட்டியா?" என்பார். கப்பலில் கற்றுக்கொண்டதுதான், கால் மணி நேரம்தான் அங்கே கொடுப்பார்கள். சொன்னேன். மறுநாளிலிருந்து நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என்னை ஒரு வேலையும் ஏவமாட்டார்.

ஒருநாள் பிடித்த மழை விடவில்லை. சந்தில் ஆளே இல்லை. அக்கா வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தார். இடது காலை இரண்டு கையாலும், ஒரு பொருளைத் தூக்குவதுபோலத் தூக்கி, பெட்டிமேல் வைத்தார். அப்போது அவர் முகத்தில் வந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. எல்லாம் வடிந்து, வாய் கொஞ்சம் திறந்து, அப்படியே இருந்தது. பிறகு நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுகொண்டார்.

"பாத்துட்டியா."

"முட்டியாக்கா?"

"ரொம்ப நாளா. இது என் கொழுந்தன் கடை. தெரிஞ்சா, வீட்டுல உக்காருங்க அண்ணின்னு சொல்லிருவான். நல்லவன்தான். நல்லவனா இருக்குறதாலதான் அப்படிச் சொல்லுவான். வீட்டுல உக்காந்து நான் யாரத் திட்டுறது, செவுத்தையா?"

நான் அந்தக் காலுக்கு அடியில் ஒரு சாக்கை மடித்து வைத்தேன்.

"மத்ததெல்லாம் செஞ்சுக்க. திட்டுறது, கத்துறது, எல்லாம். இத மட்டும் செய்யாத. யாருகிட்டயும் சொல்லவும் கூடாது. உங்க கிளாஸ்ல தமிழாளு இருக்கா?"

"ஒரு பொண்ணு இருக்கு. செங்காங்."

"அப்ப போச்சு. தேக்காவுல காய் வாங்காத தமிழாளு யாரு? ராத்திரிக்குள்ள கொழுந்தனுக்குப் போயிரும்."

"சொல்லமாட்டேன்க்கா."

அவரே பிற்பாடு ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டதால்தான் இதை இப்போது எழுதுகிறேன். அறுவை சிகிச்சையில் முட்டியை மாற்றிக்கொண்டு வந்த பிறகு, கேட்காதவர்களுக்கும் தழும்பைக் காட்டினார். அப்போது நிலைமை அப்படி இல்லை.

அன்று ரயிலில் பூன் லேயில் இருந்த என் அறைக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்தேன். அக்கா தராசைவிட்டு ஓர் அடி நகர்ந்து நான் பார்த்ததே இல்லை. தம்பி எந்தப் பை எடுக்கிறான், எந்தப் பெண் வெண்டைக்காயை ஒடிக்கிறாள் எல்லாவற்றுக்கும் குரலைத்தான் அனுப்பினார். காலால் போக முடியாத இடத்துக்கெல்லாம் வாயால் போய்வந்தார். திட்டு எங்கிருந்து வருகிறது என்று அப்போது பிடிபட்டது. அறையில் வலது காலில் எடையைப் போட்டு நின்று, அந்த இடத்திலிருந்தே அறை முழுவதையும் ஆட்டிப்படைத்துப் பார்த்தேன். பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினாள்.

தேர்வுக்கு முந்தின நாள் கடையில் நடித்துக் காட்டினேன். அக்கா முழுவதும் பார்த்தார். "ம்" என்றார். பிறகு, "என்னைவிட நீ கொஞ்சம் அழகா திட்டுற, அதக் குறைச்சுக்க. போ, செய்" என்றார். அனுமதி கிடைத்தது.

தேர்வில் முழுக்கத் தமிழில்தான் பேசினேன். சீன, மலாய் மாணவர்களுக்கு ஒரு சொல் புரிந்திருக்காது, ஆனாலும் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஒருவன் நான் கை நீட்டியதும் தானாக எழுந்து வரிசையில் நின்றான். செங்காங் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். முடித்தபோது பிழைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பிறகு கேள்விகள். உடம்பில் எதைச் செய்தாலும் அது ஏன் என்று சொல்லத் தெரியவேண்டும், மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான். விரிவுரையாளர் கேட்டார். "அவர் ஓரடிகூட நகரவில்லை. ஏன்?"

"கடை சின்னது."

"அது இல்லை. உங்கள் இடது காலில் எடையே இல்லை. கடைசி வரைக்கும் இல்லை. அதில் ஏதோ இருக்கிறது, மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. அது என்ன?"

மறைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். என் கால் காட்டிக்கொடுத்துவிட்டது. செங்காங் பெண்ணின் கைப்பேசி இன்னும் என் பக்கம்தான் நீண்டிருந்தது. பதில் எனக்குத் தெரியும், அதைவிட நன்றாக எனக்கு அந்த செமஸ்டரில் வேறெதுவும் தெரியாது.

"தெரியாது."

"அவரிடம் கேட்கவில்லையா?"

"இல்லை."

அவர் பேனாவைத் திறந்தார். "கேட்டிருக்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கேட்காமல் விட்டது பெரிய குறை" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

முடிவு வரும்வரை பழைய மேலாளரிடம் வார நாட்களிலும் ஆள் வேண்டுமா என்று கேட்டு வைத்தேன். வேண்டும் என்றார். அழுகை எல்லாம் வரவில்லை. தட்டு அடுக்குவது தெரிந்த வேலைதானே. ஆனால் அந்த மரத்தரை ஞாபகம் வந்து, காலையில் என் அறைத் தரையிலேயே ஒருதடவை உருண்டு பார்த்தேன்.

தேறிவிட்டேன். சி பிளஸ். இடம் போகவில்லை. அன்று வகுப்பிலிருந்து நேராகக் கடைக்குத்தான் போனேன். வரிசையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"என்னடி ஆச்சு?" என்று தூரத்திலிருந்தே கேட்டார் அக்கா.

"பாஸ்க்கா. இருக்கச் சொல்லிட்டாங்க."

"அதானே! எவ்வளவு?"

"சி பிளஸ்."

தராசில் கத்தரிக்காய் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "ஏ, பி, அதுக்கப்புறமா?"

"ஆமாக்கா."

"என்னை வச்சு நடிச்சிட்டு சி பிளஸ்ஸா? நான் என்ன சி பிளஸ் ஆளா? கூட்டிட்டு வா உங்க டீச்சர, நான் கேக்குறேன்!"

"அக்கா ஏ பிளஸ்தான்" என்றார் வரிசையில் ஒருவர்.

"நீ சும்மா இரு, பாவக்காய எடு. எங்கடி போச்சு மார்க்கு?"

பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன். கால் பற்றிக் கேட்டார்கள், தெரியாது என்று சொன்னேன், அதில்தான் போனது. அக்கா கத்தரிக்காயை எடுத்துப் பையில் போட்டார், மறுபடி வெளியே எடுத்தார், மறுபடி போட்டார். எடை பார்க்கவே இல்லை, வாங்க வந்த பெண்ணும் கேட்கவில்லை.

"ஏண்டி," என்றார் கடைசியில் மெதுவாக, "ஆணி குத்திருச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல? புது செருப்பு கடிக்குதுன்னு?"

"தோணலக்கா."

"தோணலையா?" குரல் பழைய உயரத்துக்குப் போனது. வரிசையின் பக்கம் திரும்பி, என்ன விஷயம் என்றே தெரியாத அத்தனை பேரிடமும் நியாயம் கேட்டார். "பாருங்க இவள! யூனிவர்சிட்டில நடிக்கக் கத்துக்கிறாளாம். அவசரத்துக்கு ஒரு பொய் சொல்ல வரல!"